மாநிலச் சிறைகளுக்குத் தனிக் கண்காணிப்பு அமைப்பு எதற்கு?

கேள்வி:
அமெரிக்க மாநிலச் சிறைகளின் நிலையைப் பற்றிப் படித்துவருகிறேன். சிறைத்துறைக்குள்ளேயே தணிக்கைப் பிரிவும் முறையீட்டு முறையும் இருக்கின்றன. கைதிகள் நீதிமன்றத்துக்கும் போகலாம். அப்படியிருக்க, உத்தரவிடும் அதிகாரம்கூட இல்லாத ஒரு வெளி அமைப்பால் என்ன பயன்?

மறுமொழி 1:
நீதிமன்றக் கதவு திறக்க எவ்வளவு காலமாகிறது என்பதைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறையின் உள்முறையீட்டுப் படிகள் அனைத்தையும் முடித்த பிறகே கைதி தன் சிறை நிலைமை குறித்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியும். கெடு தவறிய ஒரு படிவமே அவ்வழக்கைத் தள்ளுபடி செய்யப் போதுமானதாகிவிடக்கூடும். கலிஃபோர்னியச் சிறைகளின் மருத்துவச் சீர்கேட்டை எதிர்த்து 2001இல் தொடுக்கப்பட்ட வழக்கில், கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவின் 137.5 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2011இல்தான். ஆறேழு நாளுக்கு ஒருவர் வீணாக உயிரிழக்கிறார் என்று கீழ் நீதிமன்றம் 2005இலேயே பதிவுசெய்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் ஆவது ஒன்றுமில்லை.

மறுமொழி 2:
உத்தரவிடும் அதிகாரத்தைவிட, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையும் அதிகாரமே முதன்மையானது என்பது என் கருத்து. முன்னறிவித்துப் போனால் புதிதாக வெள்ளையடித்த சுவரைத்தான் காட்டுவார்கள். திடீரென்று போகிறவரோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கைதி எழுதிக்கொடுத்த சீட்டின் தேதியையும் மருத்துவர் உண்மையில் பார்த்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தனிமைச் சிறையில் காவலர் சுற்றிவந்ததாகக் கையெழுத்திட்ட நேரத்தைக் கேமராப் பதிவோடு ஒப்பிடலாம். புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். கைதிகளை நடத்தும் முறைக்கு ஐ.நா. வகுத்த மண்டேலா விதிகளில் 84ஆம் விதியும் முன்னறிவிப்பற்ற வருகை, பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை, கைதிகளோடு தனியே பேசும் உரிமை ஆகியவற்றையே வலியுறுத்துகிறது. நியூயார்க்கில் ஒரு தனியார் சங்கத்துக்குச் சிறைகளுக்குள் செல்லும் உரிமை 1846இலேயே சட்டத்தால் வழங்கப்பட்டது. ஆகவே இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கையன்று.

கேட்டவர்:
நன்றி. 2024இல் வந்த கூட்டாட்சிச் சிறைக் கண்காணிப்புச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்காதா?

மறுமொழி 1:
தீர்க்காது, நண்பரே. அது கூட்டாட்சிச் சிறைகளுக்கு மட்டுமே உரியது. கைதிகளில் பெரும்பாலோர் இருப்பது மாநிலச் சிறைகளில். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டமியற்றியாக வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2018இல் சிறைகளுக்கென ஒரு குறைகேள் அலுவலகத்தை அமைத்தது. அத்தகைய சட்டங்களில் நான் முதலில் தேடுவது இரண்டு பிரிவுகளை: ஆய்வாளரிடம் பேசிய கைதியைப் பழிவாங்கினால் தண்டனை உண்டா, வெளியிடப்பட்ட அறிக்கைக்குச் சிறைத்துறை இத்தனை நாளுக்குள் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டிருக்கிறதா?