தாழ்வாரத்து ஆர்க்கிட் மறுபடி பூக்க என்ன செய்யணும்?

யீஷூன்_செடிக்காரி:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கிழக்குப் பார்த்த பொதுத் தாழ்வாரம். காலை வெயில் பத்து மணி வரைதான், பிறகு மேல்தளம் மறைத்துவிடும். ஆர்க்கிட்டில் இரண்டு வகை வைத்திருக்கிறேன்: 2 டென்ட்ரோபியம், சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஒரு பெரிய வெள்ளை ஃபலனாப்சிஸ். இலைகள் நல்ல கரும்பச்சை, ஆனால் பூவே இல்லை. ஒரு டென்ட்ரோபியத்தில் வந்த மொட்டும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிவிடலாமா?

கரியும்செங்கலும்:
வெட்டாதீங்க! அந்த மொட்டைத் தண்டில்தான் செடி தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும். நுனிக் கணுக்களிலிருந்து அதுவே திரும்பவும் பூக்கும். சுருங்கிப் பழுப்பாகி, விரலால் அமுக்கினால் காலியாக இருப்பதை மட்டும் எடுங்க.

கரும்பச்சை இலை ஆரோக்கியம் மாதிரித் தெரியும், ஆனால் டென்ட்ரோபியத்துக்கு அது வெளிச்சப் பஞ்சம். இளம் வாழையிலைப் பச்சை வரணும். தொட்டியைத் தாழ்வாரத்தின் வெளி ஓரத்துக்கு 2 வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்க. ஒரே நாளில் வைத்தால் இலை வெளுத்து, பிறகு காகிதம் மாதிரி காய்ந்துவிடும். மதியம் இலையைத் தொட்டுப் பாருங்க, சுட்டால் வெயில் அதிகம். நடக்க 1.2 மீட்டர் வழி விடணும், அதையும் பார்த்துக்குங்க.

மண் வேண்டவே வேண்டாம். 2–3 செ.மீ. கரித்துண்டு, உடைத்த செங்கல், பக்கத்தில் ஓட்டையுள்ள மண்தொட்டி, அதுவும் சின்னதாக. 20-20-20 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவு) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. வேர் நனைந்த பிறகு ஊற்றுங்க, காய்ந்த வேரில் உரம் பட்டால் நுனி கருகும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடணும். பூ முடிந்த கணுவில் பூவுக்குப் பதில் குட்டிச் செடி முளைத்தால் வெளிச்சம் குறைவு, தழைச்சத்து அதிகம், அல்லது வேர் அழுகல். மூன்றையும் பாருங்க.

புக்கிட்_பச்சை:
ஃபலனாப்சிஸ் கதை வேறு. கிட்டத்தட்ட 26 டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்து இருந்தால்தான் பூத்தண்டு விடும். 28-க்கு மேலே இருந்தால் இலை மட்டும் போடும். இங்கே பகலில் 31, 32. குளிர்கூடத்தில் பூக்க வைத்து இங்கே விற்கிற பெரிய வெள்ளைப்பூ வகை மறுபடி பூப்பது அரிது. டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில்தான் ஏதோ வாய்ப்பு. இரவில் மட்டும் ஏர்கான் அறையில் வைத்தால், பகல் வெப்பம் அந்தப் பலனைக் கெடுத்துவிடும். பழைய தண்டு பச்சையாக இருந்தால் கீழிருந்து மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டிப் பாருங்க. கிளை வரலாம், வெப்பத்தில் பெரும்பாலும் குட்டிதான் வரும். அந்தப் பெரிய வெள்ளையை வைத்துக்கொண்டு மனம் வருந்துவதைவிட சின்னப்பூ ஃபலனாப்சிஸ் வகை வாங்குவது நல்லது.

குளிர்ச்சி என்ன செய்யும் என்பதைச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்திலேயே பார்க்கலாம். அதில் தானாகவே ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட், பெருமழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால் ஒன்பதாம் நாள் வாக்கில் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பூக்கும். அவ்வளவு அழகு!

கரியும்செங்கலும்:
உதிர்ந்த மொட்டைக் கவனிக்க மறந்துவிட்டேன். அடுத்தமுறை விழுந்தால் நகத்தால் பிரித்துப் பாருங்க. உள்ளே வெள்ளையாகக் குட்டிப் புழு நெளிந்தால், அது மொட்டுக்குள் முட்டையிடும் மொட்டு ஈயின் வேலை. மருந்து உள்ளே எட்டாது. ஊதிப்போன மொட்டையெல்லாம் பறித்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்க. தரையில் விட்டால் புழு இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். ஒரு சுற்று 3–4 வாரம், அதனால் குறைந்தது ஒரு மாதம் விடாமல் பறிக்கணும். புழு இல்லையென்றால் வேரைப் பாருங்க, அழுகியிருக்கலாம்.

யீஷூன்_செடிக்காரி:
ரொம்ப நன்றி. தட்டில் தண்ணீர் தேங்கவிடலாமா, ஈரப்பதத்துக்கு?

புக்கிட்_பச்சை:
கூடாது. வேர் அழுகும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டை எடுத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்க. சாயங்காலம் ஊற்றினால் குருத்தில் தண்ணீர் ராத்திரி முழுக்க நிற்கும், கருப்பழுகல் நோய் அங்கிருந்து தொடங்கலாம்.