வீட்டுக் கணக்கு: எழுதி வைப்பதா, பிரித்து வைப்பதா?

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். நான் கைப்பேசிச் செயலி ஒன்றில் செலவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் நோட்டில் எழுதுகிறார். சென்ற மாத முடிவில் இரண்டையும் ஒப்பிட்டபோது, செயலி காட்டிய மொத்தச் செலவு நோட்டில் இருந்ததைவிட ஏறத்தாழ 14,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. இரண்டில் எதை நம்புவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. உங்கள் வீடுகளில் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள், ஏன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மயிலை ஓய்வூதியர்:
நோட்டையே நம்புங்கள் என்பேன். இவ்வகைச் செயலிகளில் பெரும்பாலானவை வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத்தான் கணக்குப் போடுகின்றன. 100 ரூபாய்க்குக் குறைந்த யுபிஐ செலவுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதைச் சில வங்கிகள் நிறுத்திவிட்டன. யுபிஐ லைட்டில் (சிறு செலவுகளுக்காகப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் வசதி) நீங்கள் கொடுக்கும் சிறு தொகைகளோ வங்கிப் புத்தகத்தில்கூடத் தனித்தனியாக வருவதில்லை. அதில் பணம் ஏற்றிய வரி ஒன்றுதான் இருக்கும். டீ, பூ, கீரை, ஷேர் ஆட்டோ என்று நம் ஊரில் ஒரு நாளில் கைவிட்டுப் போகும் சில்லறைச் செலவுகள் எல்லாம் இந்த வகைதான். இரவு படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதினால் அவையும் கணக்கில் ஏறிவிடும். அதோடு, தேவையற்ற ஒரு செலவைத் தன் கையால் எழுதும்போது ஏற்படும் உறுத்தல், தானாகப் பதிவாகும் கணக்கில் யாருக்கும் ஏற்படாது.

ஓ.எம்.ஆர். பொறியாளர்:
ஐயா சொல்வது குறுஞ்செய்தியை மட்டும் நம்பும் செயலிகளுக்குப் பொருந்தும். ரிசர்வ் வங்கியின் விதிமுறைப்படி, நம் ஒப்புதலின் பேரில் வங்கிக் கணக்கு விவரங்களை நேரடியாகப் பெற்றுத்தரும் ஏற்பாடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. அதுவும் வேண்டாம் என்பவர்கள் மாதத்துக்கு ஒரு முறை வங்கி அறிக்கையைத் தரவிறக்கி எக்செல்லில் போட்டுக்கொள்ளலாம்.

நோட்டின் பெரிய குறை, அதில் எதையும் தேட முடியாது என்பதுதான். கடந்த ஆண்டு மருந்துக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் பன்னிரண்டு மாதப் பக்கங்களையும் யார் கூட்டிக்கொண்டிருப்பார்கள்? மேலும், நோட்டு எழுதும் வழக்கம் வீட்டில் ஒருவரை மட்டுமே நம்பியிருக்கிறது. அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அந்த வாரக் கணக்கு இல்லாமலே போய்விடும்.

பெரம்பூர் குடும்பத்தலைவி:
இருவரும் செலவான பிறகு எழுதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் சம்பளம் வந்த அன்றே பணத்தைப் பிரித்துவிடுகிறோம். முன்பு உறைகளில் ரொக்கமாக வைத்திருந்தேன்; இப்போது மூன்று வங்கிக் கணக்குகள். ஒன்றில் வாடகை, பால், பள்ளி வேன் போன்ற மாறாத செலவுகள். மற்றொன்றில் மளிகை, காய்கறி உள்ளிட்ட அன்றாடச் செலவுகள். மூன்றாவதை ஆண்டுச் செலவுக் கணக்கு என்போம். யுபிஐ இணைத்திருப்பது இரண்டாவது கணக்கோடு மட்டும். அதில் இருப்பு குறையக் குறையக் கை தானாகச் சுருங்குகிறது. எதையும் எழுதுவதில்லை.

அந்த மூன்றாவது கணக்குதான் முக்கியம் என்பது என் அனுபவம். சென்னையில் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைக் குலைப்பவை அன்றாடச் செலவுகளே அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். சொந்த வீடு என்றால் மாநகராட்சிச் சொத்து வரியும் குடிநீர் வாரியத்தின் வரியும் அரையாண்டுக்கு ஒரு முறை வந்து நிற்கும். மின் கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கோடையில் தண்ணீர் லாரிக்காகப் பராமரிப்புத் தொகை உயரும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தீபாவளி வந்துவிடும். இவற்றை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் ஒதுக்கிவிட்டால் கடன் அட்டையைத் தொட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவனும் மனைவியும் பார்க்கும்படியான பொதுக் கணக்கு என்று வைத்துக்கொண்டால், பல வீடுகளில் அது மனைவியின் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஏடாக மாறிவிடுகிறது. “இந்த 350 ரூபாய் எதற்கு?” என்ற கேள்வி அலுவலகத்தில் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் வரும். பிரித்துக் கொடுத்த தொகைக்குள் எப்படிச் செலவழித்தாலும் அது என் பொறுப்பு என்ற நிலையில் அந்தக் கேள்வி எழுவதில்லை.

ஓ.எம்.ஆர். பொறியாளர்:
மரியாதையோடு மறுக்கிறேன், அக்கா. மளிகைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? பழைய செலவின் பதிவு இல்லாமல் ஒதுக்கீடு வெறும் உத்தேசமாகத்தான் இருக்கும். இரண்டாவது கணக்கில் பணம் தீர்ந்ததும் மூன்றாவதிலிருந்து எடுத்துப் போட்டால் அதை யார் பார்ப்பார்கள்?

மின் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகளின் விலை உயர்வதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலையும் போய் அவற்றின் கட்டணம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. ஏசி ஓடும் வீடுகளில் இந்த எல்லையைச் சற்றே தாண்டி நிற்கும் பில்கள் மிகுதி. முந்தைய பில்களைப் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் இது கண்ணில் படும்.

மயிலை ஓய்வூதியர்:
தம்பி, அந்த எல்லையைக் காட்டுவது ரூபாய்ப் பதிவு அல்ல. ரீடிங் எடுத்துப் போன நாளிலிருந்து ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பார்த்து, யூனிட்டைக் குறித்து வைக்க வேண்டும். அது எங்கள் வீட்டில் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் செயலியில் அதற்கு இடம் உண்டா?

பெரம்பூர் குடும்பத்தலைவி:
உத்தேசமாக ஒதுக்கினால் என்ன கெட்டுப்போகிறது? மூன்று மாதம் போதாமல் இருந்தால் நான்காவது மாதம் கூட்டி வைப்பேன். அடுப்படியில் நிற்பவளுக்கு அரிசி, பருப்பு விலை தெரியாமலா இருக்கும்?

பாரிமுனைக் கணக்கர்:
முதலில் கேட்டவரின் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. 14,000 ரூபாய் வித்தியாசம் பெரும்பாலும் கடன் அட்டையால் வந்திருக்கும். அட்டையைத் தேய்த்தபோது ஒரு முறையும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து அட்டைக்குப் பணம் கட்டியபோது மறுமுறையும் செயலி அதைச் செலவாக எண்ணியிருக்கக்கூடும். அதைச் சரிபாருங்கள்.

நான் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவன். வீட்டுக்கும் அதே இரட்டைப் பதிவு முறையில் நாளேடும் (நாள்வாரிப் பதிவு) பேரேடும் (இனவாரிக் கணக்கு) எழுதுகிறேன். காரணம், வெளியே போகும் பணமெல்லாம் செலவும் அல்ல, உள்ளே வருவதெல்லாம் வருமானமும் அல்ல. இதற்குச் சீட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 20 பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் வீதம் கட்டும் 2,00,000 ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஒருவர் ஏலத்தில் 40,000 ரூபாய் தள்ளி (விட்டுக்கொடுத்து) 1,60,000 ரூபாய்க்கு எடுக்கிறார். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 விழுக்காடு என்றால் 10,000 ரூபாய் அவருக்குப் போகும். (1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் கமிஷனுக்கு இருந்த 5 விழுக்காடு உச்சவரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.) மீதி 30,000 ரூபாயை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,500, அந்தத் தவணையில் நீங்கள் கட்டுவது 8,500.

இந்த 8,500-ஐ எப்படி எழுதுவீர்கள்? சீட்டை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் அது சேமிப்பு. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் கடனை அடைப்பது. ஒரே தொகை, ஒரே நாள், ஆனால் ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் எதிரெதிரே காட்டும் பட்டியல்) எதிரெதிர்ப் பக்கங்கள். செயலி இரண்டையும் செலவு என்கிறது. சீட்டை எடுத்த மாதம் வந்த 1,60,000-ஐ வருமானம் என்று வேறு சொல்கிறது. நகைக்கடனும் இப்படித்தான். நகையை அடகு வைத்த மாதம் வீடு செழிப்பாக இருப்பதுபோலத் தோன்றும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஐந்தொகை போட்டுப் பார்க்காத குடும்பம் தன் நிலையை அறியாது என்பது என் கருத்து.

மயிலை ஓய்வூதியர்:
கணக்கரின் வாதம் கடைக்குச் சரி. வீட்டில் 5-ஆம் தேதி அந்த 8,500 ரூபாய் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. அது சேமிப்பா கடனா என்பது அன்றைக்கு முக்கியமில்லை. இரட்டைப் பதிவு முறையை வீட்டில் உள்ள எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க உங்களால் முடியுமா?

பாரிமுனைக் கணக்கர்:
எல்லோரும் கற்க வேண்டியதில்லை, ஐயா. நோட்டில் செலவு, சேமிப்பு, கடன், கைமாற்று என்று நான்கு பத்திகள் போட்டால் போதும். அம்மா அவர்கள் சொன்ன மூன்றாவது கணக்குக்குப் போகும் பணமும் அதில் சேமிப்புப் பத்தியில்தான் வரும். இல்லாவிட்டால் வரி கட்டும் மாதத்தில் அது இன்னொரு முறை செலவாக ஏறிவிடும்.

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா சொன்னபடி பார்த்தேன். கடன் அட்டைக்குக் கட்டிய 11,200 ரூபாயைச் செயலி இரண்டாம் முறையும் செலவாகக் காட்டியிருந்தது. அதைக் கழித்த பிறகு எஞ்சியது 2,800 ரூபாய். அதில் 2,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டுக்குத் தானாகப் பிடிக்கப்பட்ட தவணை. மனைவி அதை நோட்டில் எழுதுவதில்லை, செலவே அல்ல என்பதால் எழுதக் கூடாது என்றும் சொல்கிறார். மீதி 800 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை.

பெரம்பூர் அம்மா எழுதியதை மனைவியிடம் காட்டினேன். முதலில் மூன்று கணக்குகளாகப் பிரிப்போம், செயலியில் தன் கணக்கை இணைப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். ஆண்டுச் செலவுக் கணக்கில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் லாரிச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில் இப்போது எங்களுக்குள் புதிய விவாதம் தொடங்கியிருக்கிறது.

ஓ.எம்.ஆர். பொறியாளர்:
குடியிருப்போர் சங்கத்திடம் கடந்த கோடையின் பராமரிப்பு பில்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பதிந்து வைத்திருப்பார்கள்.