பின்பக்க லிங்க் செட்டை மாற்றினால் ஹேண்ட்லிங் உண்மையிலேயே மாறுமா?

வளைவுச்சாலை:

ரியர் வீல் டிரைவ் கூபே, பின்னால் ஃபைவ் லிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து ஆர்ம்கள் பிடிக்கும் சஸ்பென்ஷன்). காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்) போட்டு 30 மி.மீ இறக்கியது. பின் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, மைனஸ் என்றால் உள்நோக்கி) இரண்டு பக்கமும் மைனஸ் 2.6°. இடது பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் பூஜ்யத்தில்தான் நிற்கிறது, டோ-இன் (முன்விளிம்பு உள்நோக்கி) வரவில்லை. டயர் உள்விளிம்பு வேகமாகத் தேய்கிறது. வேகமான வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கம் ஒரு கணம் தானாகத் திரும்புகிறது. 1 லட்சம் கி.மீ ஓடிய வண்டி, புஷ் (ஆர்ம் முனைகளில் இருக்கும் ரப்பர்) எல்லாம் கம்பெனியில் வந்தவையே.

டோ லிங்க், மேல் கேம்பர் ஆர்ம், டிராக்‌ஷன் ஆர்ம், ட்ரெய்லிங் ஆர்ம் என்று முழு செட்டாகக் கிடைக்கிறது. எல்லாம் அலுமினியம், இரு முனையிலும் ஸ்பெரிக்கல் ஜாயின்ட் (ரப்பர் இல்லாத உலோகக் குண்டு மூட்டு). இதனால் ஹேண்ட்லிங் மாறுமா, இல்லை அலைன்மென்ட் செய்ய வசதி மட்டும்தானா? தினமும் ஓட்டும் வண்டி, எப்போதாவது ட்ராக்.

ஒன்றரை_பிட்ச்:

மாறும். ஆனால் அலுமினியத்தால் இல்லை. கம்பெனி ஆர்ம் தகடு மடித்துச் செய்ததாக இருந்தாலும், நீளவாக்கில் இழுத்துத் தள்ளும் விசைக்கு அது பெரிதாக வளைவதில்லை. நெகிழ்வது முனைகளில் இருக்கும் ரப்பர்தான். அதனால் ரப்பர் புஷ்ஷையே வைத்துக்கொண்டு பளபளப்பான ஆர்ம் மட்டும் போட்டால் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. எடை குறையுமே என்பார்கள். லிங்க் ஒன்றில் 400 கிராம் குறைந்தாலும் ஒரு முனை சப்ஃப்ரேமில் (லிங்க்குகள் பிடித்திருக்கும் சட்டம்) இருப்பதால் அதில் பாதிதான் சக்கரத்தின் கணக்கில் சேரும். 200 கிராமுக்காகச் செலவழிக்க வேண்டாம்.

நான்கு லிங்க்கில் உணரக்கூடிய வித்தியாசம் தருவது டோ லிங்க். அது நாக்கிளை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதியை, பிடிக்கும் புள்ளி, சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து 200 மி.மீ தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். புஷ் 1 மி.மீ அமுங்கினால் சக்கரம் 0.29° திரும்பிவிடும். நாம் மெனக்கெட்டு வைக்கும் டோ-இன்னே 0.10 முதல் 0.15° வரைதான். அதாவது வளைவில் சுமை ஏறியதும் மெஷினில் வைத்த அளவு காணாமல் போய், வெளிப்பக்கச் சக்கரம் டோ-அவுட்டுக்குப் போகிறது. நீங்கள் சொல்லும் அந்தத் திரும்பல் பெரும்பாலும் இதுதான்.

மேல் கேம்பர் ஆர்ம் உங்களுக்குத் தேவை, இறக்கிய வண்டி என்பதால். மேல், கீழ் இணைப்புகளுக்கு இடையில் 300 மி.மீ உயரம் என்றால் 1° கேம்பருக்கு 5.2 மி.மீ நீளம். மைனஸ் 2.6-இலிருந்து 1.8-க்கு வர 4 மி.மீ சொச்சம் நீட்டினால் போதும். கேம்பரை முதலில் முடித்துவிட்டு டோவுக்கு வாருங்கள். கேம்பர் ஆர்மைத் தொட்டாலே டோ நகரும்.

ட்ரெய்லிங் ஆர்ம், டிராக்‌ஷன் ஆர்ம் இரண்டையும் வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால், கம்பெனி ஆர்மோடு பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு வையுங்கள். அதை நீட்டினாலோ குறைத்தாலோ நாக்கிள் முன்பின்னாகச் சுழலும். டோ லிங்க்கின் வெளிமுனை மேலேயோ கீழேயோ போகும். பம்ப் ஸ்டியர் (சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டோ மாறுவது) புதிதாக முளைக்கும். நேர் சாலையில் மேடு பள்ளம் வரும்போது பின்பக்கம் அலையும், ஆனால் நிறுத்தி அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். இந்தக் கோளாறைத் தேடுவது பெரிய தலைவலி.

ரப்பர்_கட்சி:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் ரப்பர் என்றாலே எதிரி என்ற முடிவுக்குப் போகவேண்டாம். 1977-இல் அறிமுகமான போர்ஷே 928-இன் பின் ஆக்சிலில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் அடித்தாலும் சக்கரம் டோ-இன் பக்கம் போகும்படி நெகிழ்வையே கணக்கிட்டு வைத்தார்கள். இன்றைய மல்டி லிங்க்குகளிலும் எந்த புஷ் எவ்வளவு மெத்தென்று இருக்கவேண்டும் என்பது திட்டமிட்டுச் செய்ததே. எல்லாவற்றையும் இறுக்கினால் அந்தச் சமநிலை கெடும். அதனால்தான் முழு செட்டும் ஸ்பெரிக்கல் என்பது தினசரி வண்டிக்கு ஒத்துவராது. சத்தமும் கூடும், தூசி, தண்ணீர் புகுந்தால் ஜாயின்ட்டில் ஆட்டம் சீக்கிரம் வந்துவிடும். டோ லிங்க் மட்டும் ஸ்பெரிக்கல், மற்றதில் புது ரப்பர், அவ்வளவுதான்.

1 லட்சம் கி.மீ ஓடிய புஷ்ஷோடு எதையும் முடிவு செய்ய முடியாது. கடப்பாரையால் ஒவ்வொரு முனையையும் மெல்ல நெம்பிப் பாருங்கள். ரப்பர் உள்ஸ்லீவை விட்டுப் பிரிந்து வெட்டுக்கோடு தெரிந்தால் ஆயுள் முடிந்தது. சப்ஃப்ரேம் புஷ்ஷை முதலில் பாருங்கள். லிங்க்குகள் பிடித்திருக்கும் சட்டமே ஆடினால், எந்த ஜாயின்ட் போட்டும் பயனில்லை.

இன்னொன்று. கேம்பர் இரண்டு பக்கமும் ஒரே அளவு, டோ மட்டும் இடது பக்கம் வரவில்லை என்கிறீர்கள். இறக்கியதுதான் காரணம் என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருக்கவேண்டும். வலது பக்க ரீடிங் என்ன?

பூட்டுநட்:

மாட்டும்போது நடக்கும் தவறுகள்:

ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை இருக்கும் லிங்க்கையே வாங்குங்கள். 1.5 மி.மீ பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) என்றால் நடுக்குழாயை ஒரு சுற்று சுற்ற 3 மி.மீ மாறும், அறுகோணத்தில் ஒரு முகம் நகர்த்தினால் 0.5 மி.மீ, மேலே சொன்ன 200 மி.மீ கணக்கில் 0.14°. உங்களுக்கு வேண்டிய மொத்த டோவே அவ்வளவுதான், ஆகவே கால் முகம், அரை முகம் என்று நகர்த்தவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மரை உள்ளதை ஒவ்வொரு முறையும் கழற்றி அரைச் சுற்று திருப்பணும். அதில் டோ பிடிக்கவே முடியாது.

மரை உள்ளே போன நீளம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், 14 மி.மீ தண்டுக்கு 21 மி.மீ. இரு முனையையும் ஒரே தளத்தில் நிறுத்திக் கையால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் ஒரு ஜாயின்ட் சாய்ந்து எல்லையில் முட்டி நிற்கும், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தண்டே வளையும். பெயிண்ட் மார்க்கரால் நட்டிலும் குழாயிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள். 100 கி.மீ கழித்து அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.

ரப்பர் புஷ் உள்ள முனைகளை வண்டி தொங்கும்போது இறுக்காதீர்கள். ஜாக்கி வைக்கும் முன் ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து குறித்துக்கொண்டு, அதே அளவுக்கு நாக்கிளைத் தூக்கி வைத்து இறுக்கவேண்டும். இல்லையென்றால் புது ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும்.

ஸ்பிரிங் உட்காரும் கீழ் ஆர்மில் கம்பி மாதிரி ரோஸ் ஜாயின்ட் (மரைத் தண்டோடு வரும் ஸ்பெரிக்கல் ஜாயின்ட்) லிங்க் வேண்டவே வேண்டாம். ரோஸ் ஜாயின்ட் இழுக்கத் தள்ளத்தான். அதன் தண்டை வளைக்கும் சுமை வந்தால் மரை தொடங்கும் இடத்தில் முறியும்.

வளைவுச்சாலை:

நன்றி. வலது பக்கம் போல்ட் நடுவில் இருக்கும்போதே டோ-இன் 0.30°. இடையில் ஒரு சந்தேகம், ஸ்பெரிக்கலுக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா?

ஒன்றரை_பிட்ச்:

மல்டி லிங்க்கில் வேண்டாம். ஒவ்வொரு லிங்க்கும் சுழல்வதோடு சாயவும் வேண்டும். ரப்பர் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், பாலி சுழல மட்டும்தான் கொடுக்கும். பிடித்துக்கொண்டு கிறீச்சிடும்.

ரப்பர்_கட்சி:

எதையும் வாங்கும் முன் இடது போல்ட்டையும் நடுவில் வைத்து அளங்கள். இடது 0.30° டோ-அவுட், வலது 0.30° டோ-இன் என்று வந்தால் சப்ஃப்ரேமே திரும்பியிருக்கிறது. அதன் இடது வலது போல்ட்டுகளுக்கு இடையில் 900 மி.மீ என்றால், இரு பக்கத்துக்கும் முன்பின் வித்தியாசம் 4.7 மி.மீ. புஷ் நல்லபடி இருந்தால் அவ்வளவு நகராது. கணக்கு அப்படி ஒத்துவராமல் இடது மட்டும் தனியாகத் தப்பினால், இரண்டு டோ லிங்க்கையும் கழற்றித் தரையில் பக்கம் பக்கமாக வைத்து, துளை மையத்திலிருந்து மறு துளை மையம்வரை அளங்கள். வளைந்தது குட்டையாக இருக்கும்.