எவ்வளவு உடற்பயிற்சி பண்றாங்கன்னு அளந்தவங்க, அளந்துக்கிட்டவங்க: உங்க அனுபவம்?

தார்க்கட்டை:
நர்சிங் மூணாவது வருசம், பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோன். கையில உடலுழைப்பு எவ்வளவுன்னு கணக்குப் போடற அந்த ஏழு கேள்வி ஷீட்டு, எடுத்தவங்களுக்குத் தெரியும். போன ஏழு நாள்ல, ஒரே மூச்சுல பத்து நிமிசமாவது நடந்தது எத்தனை நாள்? தறிச் சத்தத்துல ரெண்டு தடவை கத்திக் கேட்டேன்.

அந்தண்ணன் எட்டுத் தறி ஓட்டறவர். அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டு ஓட விடறதுக்குள்ள கடைசித் தறியில நாடாவுக்குள்ள இருக்கற நூல்கட்டை, அதான் தார், தீர்ந்திருக்கும். பன்னண்டு மணி நேரமும் இதேதான். நாடாவை மாத்திட்டே சொன்னார்: "பத்து நிமிசம் ஒண்ணா நடந்தா எட்டுத் தறியும் நின்னுக்குமே கண்ணு."

என்னத்த எழுதறது? டீக்கடைக்குப் போக பத்து, வர பத்து, ஆறு நாள்னு எழுதினேன். நடைக்கு 3.3 மெட், அதாவது சும்மா உக்காந்திருக்கறதைவிட 3.3 மடங்கு சக்தி செலவு. வாரத்துக்கு 120 நிமிசத்தோட பெருக்கினா 396. 600க்குக் கீழே, 'குறைவு'ன்னு டிக். லுங்கியை மடிச்சுக் கட்டியிருந்தார், கெண்டைக்கால்ல நரம்பு முடிச்சு முடிச்சா நின்னுது. அந்த டிக் இன்னும் உறுத்துது.

ரேஸ்கோர்ஸ் நடையர்:
ஏனுங்க தார்க்கட்டை, அந்த ஷீட்டை ஏன் திட்டறீங்க? அந்த பத்து நிமிச விதியையே உலக சுகாதார நிறுவனம் 2020ல எடுத்துருச்சுங்க. இப்ப துண்டு துண்டா நடந்தாலும் கணக்குதான். ஆனா தறிக்குள்ள நடக்கறது விறுவிறுன்னு நடக்கறதாகுமா? எனக்கு ஆகாதுன்னுதான் படுது.

என்ற கதை சின்னது. ரேஸ்கோர்ஸ்ல நடையை முடிச்சு, நின்னு ராகிக்கூழ் குடிச்சுட்டிருக்கேன், வாட்ச்சு நாடி 142ங்குது. கழுத்துல விரலை வெச்சு எண்ணினா 88. பட்டை லூசு, அவ்வளவுதான்.

அதனால எல்லாருக்கும் சொல்றேன். வாட்ச்சுக்கு அடியில எரியற பச்சை லைட்டு தோலுக்கடியில ரத்தம் ஓடறதைப் பாக்குது, பட்டை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேல இறுக்கமா இருக்கணும். அதிகபட்ச நாடி எவ்வளவுன்னு 220ல வயசைக் கழிக்கறது உத்தேசக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னண்டு துடிப்பு முன்னப் பின்ன வரும். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை போடறவங்களுக்கு நாடி அவ்வளவா ஏறாது, அந்தக் கணக்கை நம்பாதீங்க. பேச முடியுது, பாட முடியலைன்னா மிதமான வேகம். அது வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிசம். நாலு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்கினா கடும் வேகம், அதுக்கு 75லிருந்து 150 போதும். அப்பறம் அந்தப் பத்தாயிரம் அடி, 1965ல ஜப்பான்ல வித்த நடைமானியோட பேருங்க. மருத்துவம் கண்டுபிடிச்ச எண் இல்லை.

பனியன் கம்பெனி ஹெச்.ஆர்:
நடையர் சார், இத்தனையும் யாரு கேட்டாங்க?

நாங்க ஒரு மாசம் ஸ்டெப் போட்டி வெச்சோம், வாட்ச்சு கம்பெனியே குடுத்தது. முதல் வாரம் ஒருத்தருக்கு விடியறதுக்குள்ள 6,000. விசாரிச்சா வாட்ச்சு கைக்குழந்தை தொட்டில் கயித்துல தொங்குது. அவரைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாச்சு. என்னால மறக்க முடியாதது பேக்கிங்ல ஒரு அக்கா. நாள் பூரா பீஸ் ட்ரோலி தள்றவங்க, 1,900தான் காட்டுச்சு. வாட்ச்சு எண்றது கை ஆட்டத்தைத்தான், அவங்க ரெண்டு கையும் கைப்பிடியில. அது எனக்கும் அன்னிக்குத் தெரியலை. "நான் சோம்பேறியாட்ட இருக்குதுங்க மேடம்"னு வாட்ச்சைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுப் போனாங்க.

அமராவதிக்கரை:
அப்புச்சிக்கு, எங்கம்மாவோட அப்பாவுக்கு, கோயமுத்தூர்ல இதயத்தைப் பாக்கற டிரெட்மில் டெஸ்ட். மூணு நிமிசத்துக்கு ஒருக்கா வேகமும் ஏத்தமும் கூடும். செவுத்துல ஒரு அட்டை, எவ்வளவு கஷ்டமா இருக்குதுன்னு சொல்றதுக்கு 6லிருந்து 20 வரைக்கும் எண். அதென்ன 6ல ஆரம்பம்னு கேட்டேன், பத்தால பெருக்கினா ஏறக்குறைய நாடின்னாங்க.

ஒவ்வொரு கட்டத்துலயும் டெஸ்ட் எடுக்கற புள்ள கேக்குது: "எவ்வளவு கஷ்டமா இருக்குதுங்க ஐயா?" அப்புச்சி: "பரவால்லீங்க." அது 11ஐ வட்டம் போடுது. மூணாவது கட்டம், 14 சதவீத ஏத்தம். கம்பியைப் பிடிச்ச விரல் வெளுத்துப் போச்சு, வேட்டி நனைஞ்சு தொடையில ஒட்டுது. அப்பவும் "பரவால்லீங்க." திரையைப் பார்த்துட்டிருந்த டாக்டர்தான் மிஷினை நிறுத்தினார்.

பஸ்ஸுல தாராபுரம் தாண்டினதுக்கப்பறம் மெதுவாச் சொன்னார். "17ன்னு சொல்லீருக்கோணும் சாமி. ஆனா பொம்பளப் புள்ள மரியாதையாக் கேக்குது, முடியலைன்னு எப்படிச் சொல்றது?"