ஒலிமட்டச் சமனா, உரப்பிசைவா? கிட்டார் தொனிகளுக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கிட்டார் கற்கும் மாணவர்களுக்காக, ஆம்ப் மாடலரை, அதாவது பலவகை மின்பெருக்கிகளின் (ஆம்ப்) தொனியைப் பாவனை செய்யும் கருவியை, கையாளுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம்ப் மாடலர், பிரீசெட் (சேமித்து வைத்த தொனி அமைப்பு), பெடல் ஆகிய சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மாதம் இங்கே பேசி முடித்தோம். கிளீன் தொனியைத் 'தெளிதொனி' என்றும், டிஸ்டார்ஷன் ஏறிய தொனியைக் 'கரகரத் தொனி' என்றும், பாட்டின் நடுவே தனித்து ஒலிக்கும் லீடைத் 'தனித்தொனி' என்றும் எழுதி வருகிறேன்.

ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தெளிதொனியிலிருந்து தனித்தொனிக்குக் காலால் மிதித்து மாறும்போது ஒன்று காதை அறைகிறது, மற்றது காணாமல் போகிறது. இது நேராதபடி இரண்டின் ஒலியையும் முன்கூட்டியே சரிசெய்து வைக்கிறோம் அல்லவா, அந்த வேலைக்கு என்ன பெயர்? இப்போதைக்கு 'ஒலிமட்டச் சமன்' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. தனி வாசிப்புக்கென்று கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் ஒலிக்கு 'எடுப்பு' பொருந்துமா என்பதையும் சொல்லுங்கள்.

---

மறுமொழி: ஒலிமட்டச் சமன்

வணக்கம் அம்மா.

இந்தச் சொல் தமிழில் இல்லையே என்று நெடுநாள் ஏங்கியவன் நான். மெல்லிசைக் குழுக்களில் பதினைந்து ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். புதிதாக வரும் இளைஞர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் "வால்யூமைச் சரியாக வை" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைத்ததில்லை. அவர்களும் வால்யூமைச் சரியாகத்தான் வைக்கிறார்கள். மேடையில் அது சரியாக இருப்பதில்லை.

'ஒலிமட்டச் சமன்' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் இரு பாதிகளும் மாணவரை வழிதவறச் செய்யும்.

'சமன்' என்ற பாதியை முதலில் பார்ப்போம். அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரைச் 'சமனாக்கி' என்று பலரும் எழுதி வருகிறோம். உங்கள் கையேட்டின் அடுத்த பக்கத்திலேயே அது வந்துவிடும். இந்தக் குழப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சமமாக்குவது நம் நோக்கமே இல்லை என்பதுதான் பெரிய தடை. கச்சேரியில் மிருதங்கம் வாசிப்பவரைக் கவனியுங்கள். பாடகர் பாடும்போது அடக்கி வாசிக்கிறார். பாடகர் விட்டுக்கொடுக்கும் இடத்தில் எழுகிறார். இரண்டு இடத்திலும் ஒரே அளவில் வாசித்தால் அவரைப் பக்கவாத்தியத்துக்கு யார் அழைப்பார்கள்? கிட்டாருக்கும் அதே நெறிதான். குரலுக்குப் பின்னால் தெளிதொனியில் தந்திகளைப் பிரித்து மீட்டும்போது அடங்க வேண்டும். இடையிசையில் எழ வேண்டும். இதைச் 'சமன்' என்று கற்பித்தால், மாணவர் இரண்டையும் ஒரே அளவில் நிறுத்திவிட்டுப் பாடம் முடிந்தது என்று எண்ணிக்கொள்வார்.

'மட்டம்' இன்னும் ஆபத்தானது. மட்டம் என்றால் மானியில் தெரியும் எண். அந்த எண்ணை நம்பித்தான் எல்லோரும் கெடுகிறோம். தெளிதொனியில் ஒரு தந்தியைச் சுண்டினால் தொடக்கத்தில் ஊசிபோல ஓர் உச்சம் எழுந்து விரைவில் தணிந்துவிடும். உச்சம் பெரிது, சராசரி சிறிது. கரகரத் தொனியில் மின்பெருக்கி அந்த உச்சத்தை வெட்டிவிடுகிறது. சுரமும் நீண்டு நிற்கிறது. அங்கே உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி மிகக் குறைவு. தூய சைன் அலையில் அந்த இடைவெளி 3 டெசிபெல், சதுர அலையில் சுழி என்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கரகரப்பு ஏற ஏற அலை சதுரத்தை நோக்கிப் போகிறது. ஆகவே உச்சத்தைக் காட்டும் மானியில் இரண்டு தொனிகளும் ஒரே கோட்டைத் தொட்டாலும், தனியறையில் கேட்பவருக்குக் கரகரத் தொனிதான் பெரிதாகக் கேட்கும்.

அதைக் கேட்டு அவர் என்ன செய்வார்? கரகரத் தொனியைக் குறைப்பார். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு திருமண வரவேற்புக்காக இரண்டு இரவுகள் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு எல்லா பிரீசெட்டுகளையும் ஒன்றுக்கொன்று சரியாக அமைத்தேன். நடுத்தர அதிர்வெண்களைக் குடைந்தெடுத்து, அடியையும் மேலையும் கூட்டிய தனித்தொனி ஹெட்போனில் கம்பீரமாக இருந்தது. மண்டபத்தில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் அது கரைந்துபோனது. தெளிதொனியோ ஒவ்வொரு சுண்டலிலும் பாடகியின் குரலைக் குத்தியது. ஒலிப்பலகையில் இருந்தவர் தம் கடமையைச் செய்தார்: குத்துகிற தொனியை வைத்து என் ஒலியளவுக்கான ஃபேடரைக் கீழே இறக்கினார். அதன்பின் வந்த இடையிசையில் என் விரல்கள் ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை. அன்றிரவு அந்தப் பாடகியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இதன் காரணம் காதில் இருக்கிறது. நம் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் அருகே அது மிகக் கூர்மையானது. மெல்லிய ஒலியில் அடித்தொனிகளை அது பெரும்பாலும் தவறவிடுகிறது. ஒலி கூடக் கூட அந்த வேறுபாடு சுருங்குகிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் இதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். படுக்கையறையில் மெல்லக் கேட்டு அமைத்த தொனி மேடையில் வேறொன்றாக மாறுவது அந்த வளைகோடுகளால்தான். போதாக்குறைக்கு, குழுவின் மற்ற கருவிகள் நம் ஒலியை மூடி மறைக்கின்றன. உச்சங்கள் வெட்டப்பட்ட அடர்த்தியான தொனிதான் முதலில் மூழ்கும்.

எனவே நாம் பெயரிட வேண்டியது மானி அளப்பதை அல்ல, செவி உணர்வதை. அதற்கு நம்மிடம் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: உரப்பு. பள்ளி இயற்பியலில் செறிவு என்பது அளக்கப்படுவது, உரப்பு என்பது உணரப்படுவது என்று படித்திருக்கிறோம். 'உரத்த குரல்' இன்றும் வழக்கில் இருக்கிறது. அதட்டுவதை 'உரப்புதல்' என்று பழைய தமிழ் சொன்னது. வேர் உறுதியானது.

அதோடு எதைச் சேர்ப்பது? 'சுருதி சேர்த்தல்' என்று இசைக்கலைஞர்கள் சொல்வதை ஒட்டி 'உரப்பு சேர்த்தல்' என்று முதலில் நினைத்தேன். அது உரப்பைக் கூட்டச் சொல்வதுபோல் தொனிக்கிறது, விட்டுவிட்டேன். என் முன்மொழிவு 'உரப்பிசைவு'. ஒன்றோடொன்று இசைந்து போதல் என்ற பொருளும் வருகிறது, இசையும் உள்ளே இருக்கிறது. வினையாக்க 'உரப்பு இசைவித்தல்'.

அடுத்தது 'எடுப்பு'. கர்நாடக இசையில் தாளத்தின் எந்த இடத்தில் பாட்டு தொடங்குகிறது என்பதற்கு அது நிலைத்த சொல். அதன்மீது கை வைக்கக் கூடாது. இதற்கு நம் அடுக்களையிலேயே சொல் இருக்கிறது. "காரம் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும்" என்கிறோம். அளவறிந்து, வேண்டுமென்றே கூட்டியது என்ற பொருள் அதில் அப்படியே கிடைக்கிறது. 'தூக்கல்' என்றே வைக்கலாம். தெளிதொனியைவிட தனித்தொனிக்கு 3 முதல் 5 டெசிபெல் தூக்கல் என்பது என் அனுபவ அளவு. 10 டெசிபெல் கூட்டினால் செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும் என்பதால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

தூக்கலை எங்கே வைப்பது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். மின்பெருக்கிக்கு முன்னால் பூஸ்ட் பெடலை வைத்து, "ஒலியே கூடவில்லை" என்று வருந்தும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே நிரம்பி வழியும் பெருக்கிக்குள் மேலும் ஊற்றினால் கரகரப்புத்தான் கூடும். பெருக்கிக்குள் நுழையும் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழும் அப்படியே. மாஸ்டர் குமிழ் பெரும்பாலான மாடலர்களில் பவர் ஆம்பின் (பெருக்கியின் கடைசிப் பகுதியின்) நடத்தையைப் பாவனை செய்வதால் தொனியின் குணத்தையே மாற்றிவிடும். தூக்கலுக்கு உரிய இடம் பெருக்கிக்குப் பின்னால்: சேனல் வால்யூம் அல்லது கடைசியில் உள்ள வெளியீட்டு அளவு.

---

மறுமொழி: உரப்பிசைவு

வணக்கம் அண்ணா.

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றாரும் வாசிக்கிறேன். நீங்கள் எழுதியதை எங்கள் குழுவினருக்கு வாசித்துக் காட்டினேன். எங்களுக்கும் இதுவே நடந்திருக்கிறது.

'உரப்பு' எங்கள் பாடநூல்களிலும் அதே பொருளில்தான் இருக்கிறது. நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்கிறோம், பெருக்கியை விரியலாக்கி என்கிறோம். இரு கரையிலும் ஒன்றாக நிற்கும் சொற்கள் அரிது. இதைக் கட்டாயம் வைத்துக்கொள்வோம். 'தூக்கல்' எங்களுக்கும் உடனே விளங்கியது.

'இசைவு' என்ற பகுதியில்தான் எனக்குத் தயக்கம். ஒரு பொருள் தன் இயல்பான மீடிறனில் பெரிதாக அதிர்வதை நாங்கள் பரிவு என்கிறோம். அந்தத் தோற்றப்பாட்டைத் தமிழகத்தில் ஒத்திசைவு என்றும் எழுதுகிறார்கள். உங்கள் இரசாயன நூல்களில் உடனிசைவு என்ற சொல்லும் இருக்கிறது. ஒலியைப் பற்றிய கையேட்டில் 'உரப்பிசைவு' என்று கண்டால், ஏதோ ஒரு மீடிறனில் பெட்டியோ தந்தியோ பரிவுறுகிறது என்று என் மாணவர்கள் நினைப்பார்கள். கிற்றாரில் பரிவு உண்மையாகவே நடக்கும் ஒன்று என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் தீராது. இன்னொன்று, 'இசைவித்தல்' எழுத்தில் அழகு. ஒத்திகையின் நடுவே ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

'உரப்புப் பொருத்தம்' என்று சொன்னால் என்ன? பொருத்தம் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒன்றுக்கு மற்றது தக்கதாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். சமன் வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காரணத்தையே இந்தச் சொல் தாங்கி நிற்கிறது.

---

மறுமொழி: உரப்புப் பொருத்தம்

தம்பி, உங்கள் சொல்லே சிறந்தது. 'உரப்பிசைவை' விலக்கிக்கொள்கிறேன். ஒத்திசைவு என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இசை என்ற ஒலியின் இனிமையில் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

காலையிலிருந்து உங்கள் சொல்லைப் பல வாக்கியங்களில் வைத்துச் சோதித்தேன். வினைக்கு நாம் எதையும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை, 'பொருத்தம் பார்த்தல்' ஆயத்தமாக இருக்கிறது. "சுருதி சேர்த்தாயிற்றா? உரப்புப் பொருத்தம் பார்த்தாயிற்றா?" என்று நேற்றைய ஒத்திகையில் கீபோர்டு வாசிப்பவரிடம் கேட்டிருந்தால், விளக்கம் கேட்காமலே பதில் சொல்லியிருப்பார். சொல்லின் குடும்பமும் வளர்கிறது. உரப்பை எல்யூஎஃப்எஸ் (LUFS) என்ற அலகில் அளக்கும் மானியை 'உரப்பு மானி' எனலாம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பரிந்துரையின் வழியில் வந்த அந்த மானி, உச்சத்தை விட்டுவிட்டுச் செவியின் கூர்மைக்கேற்ப எடையிட்ட சராசரியைக் கணக்கிடுகிறது. உச்சமானியைவிட அது நமக்கு நெருங்கிய நண்பன். ஆனால் டிரம்ஸ் எதை மூடுகிறது என்பது அதற்குத் தெரியாது, ஆகவே இறுதித் தீர்ப்பை அதனிடம் விடக் கூடாது.

அம்மா, கையேட்டின் அந்தப் பகுதியை இந்தச் சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்தேன். வேண்டியபடி திருத்திக்கொள்ளுங்கள்:

"உரப்புப் பொருத்தத்தை ஹெட்போனில் தொடங்கலாம், முடிக்கக் கூடாது. முதலில் தெளிதொனியை அமைத்து அதையே அடிப்படையாகக் கொள்க. அடுத்துத் தாளத்துக்கு மீட்டும் கரகரத் தொனியை, உரப்பு மானியில் தெளிதொனிக்கு அருகே கொண்டுவருக. தனித்தொனிக்குப் பெருக்கியின் பின்னால் 4 டெசிபெல் தூக்கல் தருக. பின்னர் மேடையில் வாசிக்கும் அதே உரப்பில், டிரம்ஸும் பேஸும் ஒலிக்கும்போது மூன்றையும் மாறி மாறி வாசித்துப் பொருத்தம் பார்க்க. தனித்தொனி மூழ்கினால் உடனே தூக்கலைக் கூட்ட வேண்டாம். 800 ஹெர்ட்ஸ் முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சமனாக்கியில் சற்று உயர்த்திக் கேட்க. தெளிதொனி குரலைக் குத்தினால் அதன் அளவைக் குறைக்கும் முன் கம்ப்ரசரால் உச்சத்தை அடக்கிப் பார்க்க."

உரத்த உச்சங்களைத் தானே தணிக்கும் கம்ப்ரசருக்கு 'அடக்கி' என்று வைக்கலாமா என்று இதை எழுதும்போதே தோன்றியது. அடக்கி வாசித்தல் கண்முன் வருகிறது. ஆனால் அது வினையெச்சத்தோடு மோதுகிறது: "அடக்கி உச்சத்தை அடக்கி" என்று எழுத நேரும். யாழ்ப்பாணத்தில் வேறு சொல் புழங்கினால் தெரிவியுங்கள், தம்பி.