பெண்பிள்ளையளுக்குத் தனி லாப்: எடுத்தாக்கள், படிச்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில முதலாம் வருசக் கம்பஸ் பிள்ளையளுக்கு பைதன் (கணினி நிரல் மொழி) லாப் எடுக்கிறன். உங்கட அனுபவம் வேணும்.

வேம்படி, சுண்டுக்குளி, உடுவில் மாதிரி மகளிர் பள்ளிக்கூடங்களில இருந்து வாற கனபேர் கலப்பு லாப்பில வாயே திறக்கினமில்லை. போன கிழமை ஒரு பிள்ளை ஒரு மணித்தியாலமா ஒரே பிழையைப் பாத்துக்கொண்டு இருந்தவ. கேட்டா, "ஒண்டுமில்லை மிஸ்." வரியின்ர தொடக்கத்தில இடைவெளி பிழை, அவ்வளவுதான். பக்கத்துப் பெடியன் கீபோர்டை வாங்கித் தானே அடிச்சுக் குடுத்தான். நல்ல மனசோடதான் செய்தவன், ஆனா அவ படிக்கேல்லையே. எனக்குச் சரியான கவலையாப் போச்சு.

முதல் ஆறு கிழமை தனி லாப் வைப்பமோ எண்டு யோசிக்கிறன். ஆனா அமெரிக்காவில ஹார்வி மட் கல்லூரி ஆண், பெண் எண்டு பிரிக்கேல்லை. முன்னனுபவம் உள்ளவை, இல்லாதவை எண்டுதான் அறிமுக வகுப்பைப் பிரிச்சது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில கணினியியலுக்குச் சேர்ந்தவையில பெண்கள் 1995இல 7 வீதம், 2000இல 42 வீதம். அங்கயும் தனி வகுப்பு வைச்சு இல்லை. எனக்கு மனசு அனுபவத்தை வைச்சுப் பிரிக்கிற பக்கம்தான் சாயுது. ஏஎல்லில ஐசிடி (கணினிப் பாடம்) படிக்காத பெடியளும் இருக்கினம்தானே.

தனியா எடுத்தனீங்கள் எண்டா, திரும்பக் கலந்தபோது என்ன நடந்தது? தங்கச்சிமார், உங்களுக்கு அது ஆறுதலா இருந்ததோ, ஒதுக்கினமாதிரி இருந்ததோ? இன்பொக்சில எழுதினாலும் சரி. திங்கக்கிழமைக்கு முதல் நேரசூசி குடுக்கோணும்.