மறுமொழி: ‘காலக்கெடு’ பொருந்தாது, ‘காலத் தொடுவானம்’ வேண்டும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> நம் கலைச்சொல் பட்டியலின் ஈராக் போர்க் குறிப்பில் ‘டைம் ஹொரைசன்’ (time horizon) வருமிடத்தில் ‘காலக்கெடு’ என்றே போடலாம். நாளிதழ் வாசகருக்குப் பழகிய சொல்.

பழகிய சொல்தான். ஆனால் இங்கே அது நடந்ததையே மாற்றிவிடுகிறது. ஈராக்கிலிருந்து படைகள் திரும்பக் கால அட்டவணை விதித்த மசோதாவை 2007 மே 1 அன்று அமெரிக்க அதிபர் புஷ் வீட்டோ செய்தார். நாள் குறித்தால் எதிரி அதுவரை காத்திருப்பான் என்பது அவர் வாதம். 2008 ஜூலையில், ஈராக் பிரதமர் மாலிக்கியோடு பேசியபின், வெள்ளை மாளிகை ‘பொதுவான டைம் ஹொரைசன்’ என்றது. நாள் கேட்டவருக்கு ஏதோ கிடைத்த மாதிரியும் இருக்கவேண்டும், தரமாட்டேன் என்றவர் வாக்கு மாறாத மாதிரியும் இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடம்கொடுத்த சொல் அது. அவ்வாண்டு நவம்பர் ஒப்பந்தத்தில்தான் 2011 டிசம்பர் 31 என்று நாள் விழுந்தது. ‘காலக்கெடு’ அந்த நாளுக்கு உரியது. ஜூலைக்கும் அதையே கொடுத்தால், மக்கள் வெறுத்த ஒரு போரிலிருந்து அரசு படிப்படியாக இறங்கிவந்த விதம் தமிழில் படிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

‘கால வரம்பு’ம் சரியில்லை. வரப்பு மாதிரி, எங்கே முடிகிறது என்று அது காட்டிவிடும்.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் ‘காலத் தொடுவானம்’ என்றேன். “சக்ரவாளமா டீச்சர்? அதுக்குப் போய்ச் சேரவே முடியாதே” என்றாள் ஒருத்தி. தொடுவானத்துக்கு மலையாளத்தில் சக்ரவாளம்; மலையாளப் பாடம் கைகொடுத்தது. என் வாக்கு இந்தச் சொல்லுக்கே.

————

அம்மா, வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

கலைச்சொல்லில் கவிதை வாடை கூடாது என்றுதான் தயங்கினேன். ஆனால் மூலத்தில் இருக்கும் மழுப்பலை நாம் திருத்தக்கூடாது என்பதை ஏற்கிறேன். இப்படிப் பதியலாம்:

காலத் தொடுவானம்: படைவிலக்கம் போன்றவற்றுக்கு நாள் குறிக்காமல், முடிவு உண்டு என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு.

அப்படியே ‘சர்ஜ்’ (surge) பற்றியும் சொல்லுங்கள். 2007 ஜனவரியில் புஷ் ஈராக்குக்கு 20,000-க்கும் மேற்பட்ட துருப்புகளைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்ததை நம் பட்டியல் ‘எழுச்சி’ என்கிறது. எழுச்சி மக்களுடையது, அதை ஒரு படையனுப்பலுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ‘படைமிகுப்பு’ என்று மாற்றலாமா?

————

மாற்றிவிடுங்கள் ஐயா. முன்னால் ‘தற்காலிக’ சேர்த்தால் போதும், அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.